சுட்டவர்களும் தின்றவர்களும்

அந்தக் காலத்துக் கிறிஸ்துமஸ் பலகாரத்துக்காக ஏங்குகிறவர்களை மணலி புதுநகர் பஸ் ஸ்டாண்டில் வரிசையாக நிறுத்தி, கையை நீட்டச் சொல்லிப் பாருங்கள். முக்கால்வாசிப் பேர் கையில் எண்ணெய் தெறித்த தழும்பு ஒன்றுகூட இருக்காது. வரிசையில் முதல் ஆள் என் அண்ணன். கனடாவில் இருக்கிறான். டிசம்பர் பிறந்தால் வீடியோ காலில் வந்து, "அம்மா சுட்ட முந்திரிக்கொத்து மாதிரி உலகத்துல எங்கயும் கிடைக்காது" என்பான். கிடைக்காதுதான். நாலைந்து பெண்பிள்ளைகள் முதுகு ஒடிய, கண் எரிய, ராத்திரி முழுக்க உட்கார்ந்து சுட்ட சரக்கு அது. இவன் அப்போது வாசலில் நட்சத்திரம் கட்டிக்கொண்டிருந்தான். மூங்கில் குச்சியில் கலர்த்தாள் ஒட்டி ஒரு நட்சத்திரம் செய்யப் பையன்களுக்கு ஒரு வாரம் ஆகும் என்பது எங்கள் தெருவின் எழுதாத சட்டம்.

அப்பாவுக்கு நாசரேத் பக்கம். 1969-ல் மணலியில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை ஓட ஆரம்பித்து, 1971-ல் உர ஆலையும் உற்பத்திக்கு வந்தது. அதையொட்டித் தெற்கேயிருந்து ரயிலேறி வந்த கூட்டத்தில் அவரும் ஒருவர். முதலில் ஒப்பந்தக்காரரிடம் வேலை, வாடகை வீடு. பிற்பாடு பெருநகர் வளர்ச்சிக் குழுமம் போட்ட மனையில் சொந்தமாக ஒரு ஓட்டுவீடு. பக்கத்தில் கன்னியாகுமரியிலிருந்து வந்த அய்யாவழிக் குடும்பம். புரட்டாசித் திருவிழாவுக்கு அய்யா வைகுண்ட தர்மபதிக்கு வந்து இறங்கும் அவர்களுடைய சொந்தக்காரர்களில் பாதிப்பேர் எங்கள் வீட்டுத் திண்ணையில்தான் படுப்பார்கள். எதிர்வீட்டுக்காரர் காசிமேட்டில் மீன் ஏலம் எடுக்கிறவர். இரண்டு வீடு தள்ளி, பெரம்பூர் ரயில்வே குடியிருப்பில் வளர்ந்த ஆங்கிலோ இந்திய டீச்சர். தெருவே அவரை மிஸ் என்றுதான் கூப்பிடும்.

ஆகவே எங்கள் வீட்டுக் கிறிஸ்துமஸ் தாம்பாளத்தில் பல ஊர் கலந்திருந்தது. முந்திரிக்கொத்தும் அதிரசமும் சுத்து முறுக்கும் அம்மாவோடு தெற்கேயிருந்து வந்தவை. கல்கல் மிஸ் வீட்டுப் பாடம். மக்ரூன் தூத்துக்குடியிலிருந்து சித்தப்பா கையில் ரயிலில் வரும். முட்டை வெள்ளைக்கருவும் சீனியும் முந்திரியும் சேர்ந்த அந்தக் கூம்பு, புறப்பட்ட இடத்தில் மொறுமொறுவென்று இருக்கும். எண்ணூர்க் கடற்காற்றும் டிசம்பர் மழையும் பட்ட மறுநாளே ஈரத்தை உறிஞ்சி, ஒன்றோடொன்று ஒட்டி, ஒரே கட்டியாகிவிடும். அதைக் கரண்டியால் வெட்டி விருந்தாளி கையில் கொடுத்து, "தூத்துக்குடி ஸ்பெஷலாக்கும்" என்று சொல்லும்போது அம்மாவின் முகம் கொஞ்சமும் மாறாது.

அடுப்பைப் பற்றிச் சொல்லாமல் பலகாரத்தைப் பற்றிச் சொல்வது தின்றவர்களின் பழக்கம். அப்போது சமையல் எரிவாயு இணைப்புக்கு எழுதிப்போட்டுவிட்டு வருஷக்கணக்காகக் காத்திருக்க வேண்டும். எங்கள் கொல்லைப்புறத்தில் நின்று பார்த்தால், ஆலைக் கோபுர உச்சியில் வாயுவை எரித்துவிடும் ஜுவாலை ராவெல்லாம் தெரியும். பெத்லகேமுக்கு வழி காட்டியது இதுதான் என்று சின்ன வயதில் நம்பியிருந்தோம். அந்த வெளிச்சத்தில், எரிவாயு தயாராகிற ஊரில், நாங்கள் மரத்தூள் அடுப்பில் பலகாரம் சுட்டோம். மரத்தூளை அடுப்பு நிறைய இடித்து நிரப்பி, நடுவில் பாட்டிலைச் சொருகி உருவி, துளை விட்டுப் பற்றவைக்க வேண்டும். இடித்தது தளர்வாக இருந்தால் பாதியில் சரிந்து எல்லாம் புகையாகும். எண்ணெய்ச் சட்டி மேலே இருக்கும்போது சரிந்தால் என்ன ஆகும் என்பதற்கு என் இடது முழங்கையில் அத்தாட்சி இருக்கிறது.

முந்திரிக்கொத்தில் முந்திரி கிடையாது. பாசிப்பயறைச் சிவக்க வறுத்துத் திரித்து, வறுத்த தேங்காய், எள், ஏலம், சுக்கு சேர்த்து, கருப்பட்டியும் வெல்லமும் காய்ச்சிய பாகை ஊற்றிக் கிளற வேண்டும். சூடு ஆறுவதற்குள் உருண்டை பிடித்தாக வேண்டும். ஆறினால் உதிரும், ஆறாமல் பிடித்தால் உள்ளங்கை வேகும். பிடித்து முடித்தால் பாதி வேலைதான் ஆயிற்று. மறுநாள் பச்சரிசி மாவும் மஞ்சளும் கரைத்த கரைசலில் உருண்டைகளை முக்கி, மும்மூன்றாகச் சேர்த்து எண்ணெயில் விட வேண்டும். இதற்கு அம்மா, அத்தை, பக்கத்துவீட்டு மைனி, நான், தங்கச்சி எல்லோரும் குந்த வேண்டும். அப்பாவுக்கும் வேலை உண்டு. நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, "ஏளா, பாகு முத்திட்டோ?" என்று கேட்பது. முத்தவில்லை என்றால், "இன்னும் கொஞ்சம் முத்தணுமோ?"

எதிர்வீட்டு அக்கா வாசலிலிருந்தே சத்தம் கொடுப்பாள். "இன்னாக்கா, பொயுது விடியிற வரைக்கும் அடுப்பாண்டயே குந்திகினுகீறியே, உனக்கும் சேர்த்துதானே ஏசு பொறந்தாரு?" அம்மா சிரிப்பாள். அக்காவை உள்ளே கூப்பிட்டு முறுக்கு மாவைக் கையில் கொடுத்துவிடுவாள்.

கல்கல் எங்கள் பங்கு, அதாவது பிள்ளைகள் பங்கு. ஒரு கிலோ மைதாவில் முட்டை, தேங்காய்ப்பால், சீனி, கொஞ்சம் டால்டா. பிசைந்து, கோலிக்குண்டு அளவுக்கு உருட்டி, புதுச் சீப்பின் பல்லில் வைத்து அழுத்திச் சுருட்டினால் வரிவரியாகச் சங்கு போல வரும். புதுச் சீப்பு என்பது முக்கியம் என்று மிஸ் ஒவ்வொரு வருஷமும் சொல்லுவார். அப்படிச் சொல்ல என்ன காரணம் இருந்தது என்று நாங்கள் கேட்டதில்லை. ஒரு கிலோ மாவுக்கு நூற்றுக்கணக்கில் உருளும். கடைசி அரைக் கிலோவில் பிள்ளைகளுக்குப் பொறுமை போய், கல்கல் அளவு பெருத்து, கொழுக்கட்டைக்குப் பக்கத்தில் வந்துவிடும். அவை உள்ளே வேகாது. புத்தாண்டு தாண்டினால் பல்லை உடைக்கும். டால்டாவில் பொரித்ததற்குக் கொஞ்ச நாளில் சிக்கு வாடை வரும். இதையெல்லாம் அண்ணனின் கனடா நினைவு வடிகட்டிவிட்டது.

அச்சு முறுக்குக்குத் தனிச் சுபாவம். அச்சைக் காய்ந்த எண்ணெயிலேயே வைத்திருந்து சூடேற்றி, மாவில் முக்கால் அளவுதான் முக்க வேண்டும். மேல்விளிம்பு வரை முங்கினால் மாவு அச்சைக் கவ்விக்கொண்டு இறங்கவே இறங்காது. புது அச்சாக இருந்தால் கஞ்சித் தண்ணீரில் ஊறப்போட்டு, எண்ணெயில் காய்ச்சிப் பழக்க வேண்டும். முதல் நாலைந்தை எப்படியும் பிய்த்துத்தான் எடுக்க வேண்டும். அந்தத் தூள் அண்ணனுக்கு. நட்சத்திரம் கட்டிக் களைத்திருப்பான் இல்லையா.

சுட்டதையெல்லாம் டால்டா டின்னிலும் பிஸ்கட் டின்னிலும் அடைத்து, பரணில், அரிசி டிரம்மில், கட்டிலடியில் ஒளித்துவைப்பாள் அம்மா. விருந்தாளிக் கணக்கு அப்படி. எங்கள் ஊரில் கிறிஸ்துமஸ் விருந்தாளி ஷிப்ட் முறையில் வருவார். காலை ஷிப்ட் முடிந்தவர்கள் மத்தியானம் இரண்டுக்கு மேல், அடுத்த ஷிப்ட் ஆட்கள் ராத்திரி பத்துக்கு மேல், நைட் ஷிப்ட் முடித்தவர்கள் விடிந்ததும் ஆறரைக்கு, கண் சிவந்து, ஆலை வாசனையோடு. அதற்குள் நாலரை மணி ஆராதனைக்குப் போய்த் திரும்பி, பிரியாணிக்கு வெங்காயம் நறுக்க உட்கார்ந்திருப்போம். நடுவில் கேரல் ரவுண்ட்ஸ். ஆர்மோனியம், தபேலா, பெட்ரோமாக்ஸ், வயதான கிறிஸ்துமஸ் தாத்தா, பின்னால் சபையே. ராத்திரி ஒரு மணிக்கு மேல் ஐம்பது அறுபது பேர் வந்து ரெண்டு பாட்டுப் பாடி, ஜெபம் பண்ணி, தட்டுக்குக் காத்து நிற்பார்கள். வயிறு நிறைந்த வீட்டிலிருந்துதான் வருகிறார்கள் என்றாலும் நம் வீட்டில் தின்னாமல் போனால் குறை.

இதில் இன்னொரு கணக்கும் இருந்தது. டிசம்பர் என்பது ஐயப்பனுக்கு மாலை போடும் மாசம். மேல்மருவத்தூருக்குச் செவ்வாடை கட்டுகிறவர்களும் உண்டு. அவர்கள் வீட்டுத் தட்டில் முட்டை போட்ட கல்கல் போகக் கூடாது. அம்மா அதற்காகவே முதல் நாள், புது எண்ணெயில், அதிரசத்தையும் முந்திரிக்கொத்தையும் சுட்டு எடுத்துத் தனி டின்னில் வைப்பாள். இப்போது பேக்கரிகள் பச்சைப் புள்ளி ஒட்டி, எக்லெஸ் என்று கூடுதல் விலை வாங்குகிறார்கள். அம்மா வைத்திருந்த அடையாளம் டின் மூடியில் ஒரு மஞ்சள் பொட்டு.

பிரியாணிக்குப் பிறகு வருவதுதான் உண்மையில் கூட்டத்தைச் சமாளித்த இனிப்பு. கஸ்டர்ட். அந்தப் பொடி எங்கள் தெருவுக்கு வந்த வருஷம் அம்மா ஒரு பெருமூச்சு விட்டாள். சுட வேண்டாம், உருட்ட வேண்டாம். பாலைக் காய்ச்சி, பொடியைக் கரைத்து ஊற்றி, ஆறவைத்து, பூவன் பழத்தை நறுக்கிப் போட வேண்டியதுதான். ஒரு ஆப்பிளும் கொஞ்சம் மாதுளையும் மேலே, கண்ணுக்குத் தெரிகிற மாதிரி. விருந்தாளி கூடினால் பழம் கூடும், இன்னும் கூடினால் தண்ணீரும் கூடும். மாலை ஷிப்ட் ஆட்கள் தின்ற கஸ்டர்டும் நைட் ஷிப்ட் ஆட்கள் தின்ற கஸ்டர்டும் பெயரில்தான் ஒன்று. எங்களிடம் பிரிட்ஜ் கிடையாது. எதிர்வீட்டு மாமா காசிமேட்டிலிருந்து கோணிச்சாக்கில் சுற்றி ஐஸ் பார் கொண்டுவந்து உடைத்துப் போடுவார், அதன் நடுவே அண்டா உட்காரும். மீன் வாடை அடித்ததாக யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அம்மா ஒத்துக்கொண்டிருக்க மாட்டாள்.

கேக் அப்போது வெளியூர் விவகாரம். 1883-ல் தலச்சேரியில் முர்டாக் பிரவுன் என்ற வெள்ளைக்காரத் தோட்ட முதலாளி, இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்த கேக்கைக் காட்டி இதேபோல் ஒன்று வேண்டும் என்று கேட்க, பிஸ்கட் பட்டறை வைத்திருந்த மம்பள்ளி பாபு உள்ளூர்ச் சாராயம் சேர்த்துச் சுட்டுக்கொடுத்தார் என்று கதை சொல்வார்கள். நம் பக்கத்தில் வேப்பேரி ஸ்மித் ஃபீல்டு பேக்கரி 1885-லிருந்து இருக்கிறது. ஆனால் மணலி புதுநகரில் ஓவன் எங்கே இருந்தது? மாவை வீட்டில் கலந்து, அலுமினியத் தூக்கில் ஊற்றி, பஸ்ஸில் திருவொற்றியூர் பக்கம் ஒரு விறகு அடுப்பு பேக்கரிக்குக் கொண்டுபோக வேண்டும். கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. டின்னில் பேர் எழுதிய சீட்டு ஒட்டுவார்கள், சூட்டில் சீட்டு கருகிவிடும். அதனால் நாங்கள் சில வருஷம் யாரோ ஒருவர் வீட்டுக் கேக்கைத் தின்றிருக்கிறோம். ஒரு தடவை அது எங்களுடையதைவிட நன்றாக இருந்ததால் அம்மா வாயைத் திறக்கவில்லை. மேலே கலர் கலராக மின்னிய பழமெல்லாம் சீனிப்பாகில் ஊறிய பப்பாளிக்காய் என்பது எனக்குக் கல்யாணமான பிறகுதான் தெரிந்தது. ரம் மட்டும் மிலிட்டரி கேண்டீனிலிருந்து யார் மூலமோ வரும். வந்ததைக் கண்டவர் கிடையாது. சபை மூப்பர் ஒருவர் கேக்கை மென்றபடி, "திராட்சை நல்லா ஊறியிருக்கு" என்று சொல்லி இன்னொரு துண்டு எடுப்பார். இன்றைக்கு நட்சத்திர ஓட்டல்களில் தலையில் வெள்ளைத் தொப்பி, கையில் உறை மாட்டிக்கொண்டு பாட்டில் பாட்டிலாகப் பழத்தின்மேல் ஊற்றுவதைப் பேப்பரில் போட்டோ பிடித்துப் போடுகிறார்கள். மூப்பர் இருந்திருந்தால் தொப்பி போட்டிருப்பார்.

டின்கள் ஜனவரி பாதி வரை காலியாகாது. ஒரு வருஷம் மட்டும் கிறிஸ்துமஸுக்கு மறுநாளே காலியாயின. அது சுனாமி வந்த 2004. எண்ணூர், காசிமேட்டுக் குப்பத்து ஜனங்கள் தங்கியிருந்த பள்ளிக்கூடத்துக்கு எல்லாவற்றையும் மூட்டை கட்டி எடுத்துப்போனோம். சாப்பாட்டுப் பொட்டலம் வந்து சேரும் வரைக்கும் பிள்ளைகள் கல்கல்லைக் கடித்துக்கொண்டிருந்தன. கெட்டியாக இருந்தது நல்லதாயிற்று, ரொம்ப நேரம் வாயில் நின்றது.

இப்போது வீடு மாடியும் கீழுமாக இருக்கிறது. சமையலறையில் ஓவன் இருக்கிறது, மாவு கலக்க மெஷின் இருக்கிறது, அச்சுகள் ரப்பர் மாதிரி வளைகின்றன. என் மகள் கிறிஸ்துமஸுக்குச் சின்னச் சின்னக் கண்ணாடிக் குப்பிகளில் பிஸ்கட் தூள் ஒரு அடுக்கு, கிரீம் ஒரு அடுக்கு, பிளம் கேக் துண்டு ஒரு அடுக்கு என்று நிரப்பி வரிசையாக வைக்கிறாள். பார்க்க அழகு. ஒருவருக்கு ஒன்று. தண்ணீர் ஊற்றிப் பெருக்க முடியாது என்பது அதன் குறை. வருகிறவர்களில் பாதிப்பேர் எடுத்த எடுப்பிலேயே விரலைக் குறுக்கே ஆட்டுகிறார்கள். ஒருவருக்குச் சர்க்கரை, ஒருவருக்கு மைதா ஆகாது, மருமகப்பிள்ளை மாவுச்சத்தையே விட்டுவிட்டார். கேழ்வரகில், நாட்டுச்சர்க்கரை போட்டு ஒரு கேக் செய்துவைத்தோம். ஆரோக்கியத்துக்கு நல்லது என்று எல்லோரும் பாராட்டினார்கள். அது அப்படியே இருந்தது.

வருகிறவர்கள் என்று சொன்னேனே, அதுவே பெரிய வார்த்தை. பொன்னேரி நெடுஞ்சாலையில் துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் டிரெய்லர்கள் வரிசை கட்டினால், திருவொற்றியூரிலிருந்து இங்கே வந்து சேர்வதற்குள் பிரியாணி ஆறிவிடும். அதனால் சொந்தபந்தம் புத்திசாலி ஆகிவிட்டது. பைக் பையன் கையில் கேக்கை அனுப்பிவிடுகிறார்கள். அன்றைக்கு ஆள் வருவார், கையில் ஒன்றும் இருக்காது. இப்போது மேலே நம் பேர் எழுதின கேக் வருகிறது, ஆள் வருவதில்லை. போன கிறிஸ்துமஸ் மத்தியானம் சாப்பாட்டு மேசையில் ஆறு பிளம் கேக் இருந்தது, சுற்றி நாலு பேர் இருந்தோம், அதில் இரண்டு பேர் சர்க்கரைக்காரர்கள்.

2023-ஐச் சேர்த்துக்கொள்ளக் கூடாது. மிக்ஜாம் புயல் மழையும் கொசஸ்தலை வெள்ளமும் வந்து, டிசம்பர் முதல் வாரத்தில் கீழ்வீடு தண்ணீரில் நின்றது. கீழே இருந்த ஓவன் செத்தது. பழம் ஊறப்போட்ட ஜாடி பரணில் இருந்ததால் தப்பியது. பரணின் அருமை தெரிந்தவள் வைத்த இடம். எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய்க் கழிவு படர்ந்து, மீன்காரர் வீடுகளில் வலையும் படகும் கறுத்துக் கிடந்த கிறிஸ்துமஸ் அது. டிசம்பர் 26 ராத்திரி, எண்ணூர் பெரியகுப்பத்துப் பக்கம் கடலுக்கடியில் போகும் குழாயிலிருந்து அமோனியா கசிந்து, ஜனங்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினார்கள். பழைய பேக்கரிக்காரர்கள் பிஸ்கட் பொரபொரவென்று வர மாவில் அமோனியா உப்பு ஒரு சிட்டிகை போடுவார்கள். அந்த அளவோடு நிறுத்திக்கொண்ட தொழில் இந்தப் பக்கத்தில் அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

அம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. முந்திரிக்கொத்து வேண்டுமென்றால் நாகர்கோவிலுக்கு வாட்ஸ்அப்பில் சொல்லிவிட்டால் மூன்றாம் நாள் கூரியரில் வந்து நிற்கிறது. நன்றாகவே இருக்கிறது. சொல்லப்போனால் நாங்கள் சுட்டதைவிட உருண்டை ஒழுங்காக இருக்கிறது. ஒன்றை அம்மா கையில் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்து, முனையைக் கடித்து, "நல்லாத்தான் சுட்டிருக்காளுவ. யார் பெத்த பிள்ளையளோ, பாவம்" என்றாள். கிறிஸ்துமஸ் அன்றைக்கு அவள் பலகாரம் தின்று நான் பார்த்ததில்லை. சுடுகிறவர்களுக்கு எண்ணெய் வாடையிலேயே வயிறு நிறைந்துவிடும். இப்போது சர்க்கரை இருக்கிறது, ஆனாலும் மறைத்து ஒன்றிரண்டு தின்கிறாள். தின்னட்டும்.

அண்ணன் இந்த டிசம்பரில் வருகிறான். டிக்கெட் போட்டாயிற்று. கடையில் எதுவும் வாங்கக் கூடாது, எல்லாம் பழைய மாதிரி வீட்டில்தான் சுட வேண்டும், தெருவுக்கெல்லாம் தட்டு போக வேண்டும், கேரல்காரர்களுக்கு இரும்புச் சட்டியிலிருந்து சுடச்சுட எடுத்துக் கொடுக்க வேண்டும் என்று உத்தரவு. சரி என்றேன். மூன்று கிலோ பாசிப்பயறு வாங்கியாயிற்று. பரணிலிருந்து அச்சை இறக்கிக் கஞ்சித் தண்ணீரில் போட்டிருக்கிறேன். உருட்ட என் மகனும் அவன் சிநேகிதர்களும். நட்சத்திரம் கட்ட மகள், கடையில் வாங்கிய எல்.இ.டி. நட்சத்திரம்தான், ஐந்து நிமிஷ வேலை. "அப்போ நான் என்ன செய்யணும்?" என்று அண்ணன் நேற்றுக் கேட்டான். அடுப்பு உனக்கு என்றேன். கொஞ்ச நேரம் படம் உறைந்த மாதிரி இருந்தது, நெட்வொர்க்காக இருக்கலாம். பிறகு, ஏப்ரன் எடுத்துவர வேண்டுமா என்றான். பழைய லுங்கி போதும், விரலில் கிடக்கிற மோதிரத்தை மட்டும் கழற்றிவைத்துவிட்டு வா என்று சொல்லியிருக்கிறேன். நாற்காலியை எந்த இடத்தில் போட்டால் சட்டி நன்றாகத் தெரியும் என்று அம்மா இப்போதே பார்த்துவைத்துவிட்டாள்.